முப்பது மணி நேர மின்கலம்

அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். லூர்து கஸ்பார் மச்சாது ஆகிய நான். என் தங்கை கித்தேரி. என் மருமகள் ஜெனோவா. அலைவாய் மாதா குருசடிக் கமிட்டியின் தலைவர் பெலிக்ஸ் கோமஸ். கமிட்டியின் செயலாளர் ரோஸ்லின் டீச்சர். என் மகன் நெவில் கப்பலில் இருந்தபடி போனில் பேசினான். குரலை நான் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அவனைச் சேர்க்கவில்லை.

பெயர்களை முதலில் எழுதுவது எங்கள் குடும்ப வழக்கம். எங்கள் ஊர் சிப்பித்துறையின் சிறிய மாதா கோயிலான குருசடியில் நிற்கும் மாதாவின் பொன்முடி நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. நாற்பத்தொன்றே முக்கால் பவுன், பத்தொன்பது முத்து. வருடத்தில் ஒரு நாள், திருநாளுக்கு முந்தின மாலை, ஐந்து பேர் முன்னிலையில் இரும்புப் பெட்டி திறக்கப்படும். முடி நிறுக்கப்படும், முத்துகள் எண்ணப்படும், பிறகுதான் மாதாவின் தலைக்குப் போகும். அந்தப் பெட்டியைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் ஐந்து பேர் இருக்க வேண்டும், அவர்கள் பெயர் முதலில் எழுதப்பட வேண்டும். என் பாட்டனாரின் தகப்பனார் வைத்த விதி அது. அவர் இன்னொன்றும் செய்தார். வீட்டின் தலைவாசலுக்கும் இரும்புப் பெட்டிக்கும் ஒரே சாவி செய்வித்தார். வீட்டைத் திறக்கிறவன் எவனோ அவனே முடிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சாவிகளின் காலம் போய்விட்டது. கடல் ஊரின் முதல் தெருவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றபின், எங்கள் தெருவின் பத்து வீட்டிலும் காவல் இயந்திரம் வைத்துவிட்டார்கள். ஊர் அதைக் காவக்காரன் என்கிறது. முகம் பார்த்துக் கதவு திறப்பான். தெரியாதவனைப் பெயர் கேட்பான். நான்கு கேமராக்கள், இரண்டு பூட்டுகள், ஒரு சைரன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூளைப் பெட்டி.

அதில் ஒரு சட்டமும் சேர்ந்து வந்தது. முந்தைய புயல் ஒன்றில், வடக்கே சில ஊர்களில், மின்சாரம் நின்ற நேரம் பார்த்துக் கொள்ளைக் கூட்டம் புகுந்தது. வீட்டுக்காரர் கழுத்தில் கத்தியை வைத்து அவர் வாயாலேயே கதவைத் திறக்கச் சொல்லித் திறக்க வைத்தார்கள். அதன் பிறகு விதி வந்தது. தெருவில் மின்சாரம் இல்லாத நேரத்தில், வாசலில் தெரியாத முகங்கள் கூட்டமாக நின்றால், காவக்காரன் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வீட்டுக்காரர் சொன்னாலும் கூடாது. அவர் கழுத்தில் கத்தி இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாதல்லவா. இதற்கு அடைப்பு என்று பெயர். காவக்காரனுக்கு மின்சாரம் இருக்கும்வரை அடைப்பு இருக்கும். தெருவில் மின்சாரம் போனபிறகு அவனுக்குச் சோறு போடுவது மின்கலம்தான். எனவே எந்த மின்கலம் வாங்குவது என்று தீர்மானிக்கவே அன்று ஐந்து பேரும் கூடினோம்.

ஜெனோவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தகப்பன் ஐஸ் பேக்டரியில் வயர்மேன். என் மகன் அவளைக் கட்டிக்கொண்டபோது நான் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. தோணி முதலாளி வீட்டுக்கு வயர்மேன் மகள் வருவதா என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவும் இல்லை. அவள் வந்தாள், கடைத்தெருவில் பேட்டரிக் கடை வைத்தாள், வாசலில் தன் பெயரையே எழுதிப் பலகை மாட்டினாள். ஐந்து வருடத்தில் சிப்பித்துறையில் எந்த வீட்டில் விளக்கு எரிந்தாலும் அதில் அவள் கை இருந்தது. இவள் சொன்ன மணிக்கு ஒரு நிமிடம் முன்னால்கூட மின்கலம் நிற்காது என்று மீன் ஏலம் விடுகிறவர்கள்வரை பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழும்போது நான் நிமிர்ந்து நடந்தேன். அவளிடம் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு முன்னால் ஏழு நாட்கள் எங்கள் காவக்காரனின் வயரில் மீட்டரைக் கவ்வவிட்டு, அவன் பகலில் எவ்வளவு இழுக்கிறான், கதவு திறக்கும்போது எவ்வளவு, சைரன் அடித்தால் எவ்வளவு என்று குறித்து வைத்திருந்தாள். மேசைமேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தாள்.

"இது பத்து மணி நேரம். இது பதினெட்டு. இது முப்பது," என்றாள்.

பெலிக்ஸ் கோமஸ் பெரியதைத் தட்டிப் பார்த்தார். "பெட்டில நாப்பதுன்னுல்லா போட்டிருக்கான்?"

"அது கம்பெனில புதுசா இருக்கும்போது உள்ள கணக்கு, பெரியப்பா. நம்ம உப்புக் காத்துல ரெண்டு வருசம் கழிச்சு முக்காவாசிதான் நிக்கும். நான் அந்தக் கணக்குதான் சொல்லுவேன்."

"அப்ப பெருசையே வாங்கிருவோம். மாதா சொத்துல்லா."

"வாங்கலாம். ஆனா பேட்டரி பெருசாக ஆக, கதவு அடைஞ்சு கெடக்குற நேரமும் பெருசாகும். அதையும் யோசிச்சுக்கிடுங்க."

"அதுக்குத்தானம்மா வாங்குறோம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, காவக்காரன் கள்ளன வெளிய நிறுத்துவான். நல்லவனையும் நிறுத்துவான். அவனுக்கு ரெண்டு பேரும் தெரியாத முகந்தான்."

போனில் நெவில் ஏதோ சொன்னான். அலைச்சத்தத்தில் கேட்கவில்லை. "நீ பெறகு பேசு," என்று கித்தேரி போனை அணைத்து வைத்தாள்.

பிறகு பூட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. மின்சாரம் முழுக்க நின்றால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்று உண்டு. திறந்துகொள்ளும் பூட்டு ஒன்று உண்டு. நான் முதலாவதைக் கேட்டேன். ஜெனோவா ஒரேயடியாக மறுத்தாள்.

"வீட்டுல தீ புடிச்சு வயரு வெந்துபோச்சுன்னு வைங்க. நீங்களும் கித்தேரி மாமியும் உள்ள கெடந்து வேகவா? கரண்டு போனா தெறக்கணும். அதுல மாத்தமே கெடையாது. வேணும்னா வேற ஆளைக் கூப்பிட்டு மாட்டிக்கிடுங்க."

என் வீட்டில், என் மேசையில், ஐந்து பேர் முன்னால் என்னிடம் அப்படிப் பேசினாள். கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. எனவே பேரம் பேசினேன். பூட்டு அவள் சொன்னபடி இருக்கட்டும். ஆனால் மின்கலம் முப்பது மணி நேரத்துக்கு வேண்டும். அதோடு தலைவாசலும் இரும்புப் பெட்டியும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டும்.

"வேண்டாம் மாமா. ரெண்டு லைனாப் போடுவோம். கதவு தனி, பெட்டி தனி. வயரு பத்து மீட்டர்தான் கூட ஆகும்."

"எங்க வீட்டுல கதவுக்கும் பெட்டிக்கும் எப்பவும் ஒரே சாவிதான்."

"அது சாவி. இது கரண்டு. போனா ரெண்டும் சேந்துல்லா தெறக்கும்."

"எதா இருந்தா என்ன? ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

ரோஸ்லின் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மச்சாது அண்ணாச்சி ஒண்ணுன்னா யாரு தலைகீழா நின்னாலும் ரெண்டாகாது. எழுதிரட்டுமா?"

"எழுதுங்க டீச்சர்," என்றாள் ஜெனோவா. "ஆனா ஒண்ணு. முப்பது மணி நேரத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு முழுசா சீல் வச்சது, யாரும் தொட முடியாது. தெருவுல எல்லாரும் அதைத்தான் மாட்டியிருக்காங்க. நான் இதைத்தான் மாட்டுவேன்."

அவள் தேர்ந்தெடுத்த மின்கலத்தின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. கீழே இழுத்தால் இணைப்பு அறுந்துவிடும்.

"இது என்னத்துக்கு?" என்றார் பெலிக்ஸ். "சட்டம் விடுமா?"

"சட்டம் கதவைப் பத்தித்தான் பேசுது. பேட்டரியைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சரி, யாருக்கு இது? காவக்காரனுக்கா?"

"இது காவக்காரனுக்கு இல்ல பெரியப்பா. உள்ள இருக்குற மனுசனுக்கு." பிறகு என்னிடம் திரும்பினாள். "மாமா, இந்தக் கைப்பிடி உங்களுது. நான் தொட மாட்டேன். இழுங்கன்னு ஒரு நாளும் சொல்லவும் மாட்டேன். இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க."

ஐந்து பேரும் கையெழுத்திட்டோம். மாடிப்படிக்குக் கீழே, தரையிலிருந்து ஆறடி உயரத்தில், அவளே சுவரில் துளை போட்டு அதை மாட்டினாள். மின்கலத்தின் முகப்பில் சிறிய கண்ணாடி ஒன்று உண்டு. எத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது என்று அதில் எண் தெரியும்.

அடுத்த வருடம் ஐப்பசியில் புயல் வந்தது. காலை பதினோரு மணிக்குத் தெரு மின்சாரத்தை நிறுத்தினார்கள். கண்ணாடியில் முப்பது என்ற எண் குறையத் தொடங்கியது. ஜெனோவா அதற்கு முன்பே ஐஸ் பேக்டரிக்குப் போய்விட்டாள். அங்கே மின்கல அறைக்குள் தண்ணீர் புகுந்தால் வாயுக் குழாய்களுக்கு ஆபத்து என்று சொன்னார்கள். வீட்டில் நானும் கித்தேரியும் மட்டும் இருந்தோம்.

இரண்டே முக்காலுக்குக் கடல் தடுப்புச் சுவர் உடைந்தது. சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. பழைய முதல் தெரு இருந்த இடத்தில் குடிசை போட்டிருந்தவர்களையும் ஐஸ் பேக்டரி ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஜெனோவா எங்கள் தெருவுக்கு வந்தாள். மாடி உள்ள வீடுகள் இங்கேதான் இருக்கின்றன. கேமராவின் திரையில் அவளைப் பார்த்தேன். யாருடைய குழந்தையோ அவள் தோளில் இருந்தது. தண்ணீர் முழங்காலளவு.

முதல் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எதுவும் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பெலிக்ஸ் கோமஸ் தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து அம்மிக்குழவியால் இடித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கதவு அது, சீல் வைத்த மின்கலம். அவர் மனைவி மாடி ஜன்னல் கம்பிகளுக்குள்ளிருந்து காவக்காரனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். காவக்காரன் பதில் சொன்னான். தெரு முழுவதும் ஒரே குரல், ஒரே வாசகம். "அடைப்பு நடப்பில் உள்ளது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

ஒன்பது வீட்டு வாசலையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்கள் வாசலுக்கு வந்தாள். ஏன் கடைசியாக வந்தாள் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. எங்கள் கதவைத் திறந்தால் வேறு எது திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மணி மூன்று ஒன்பது. திரையில் எழுத்து வந்தது. அறிந்த முகம் ஒன்று. அறியாத முகங்கள் நாற்பத்திரண்டு.

காவக்காரன் பேசினான். "ஜெனோவா, உங்களை அடையாளம் தெரிகிறது. மற்றவர்கள் பத்து அடி விலகினால் உங்களுக்குக் கதவு திறக்கும்."

"நான் மட்டும் வரல," என்றாள்.

அவன் திரும்பவும் அதையே சொன்னான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்று, பக்கத்தில் இருந்தவர்களைக் கைகோத்து நிற்கச் சொன்னாள். கேமராவை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

நான் படிக்குக் கீழே போய்க் கைப்பிடியின் முன்னால் நின்றேன். கண்ணாடியில் இருபத்தைந்து மணி ஐம்பத்தொரு நிமிடம் என்றிருந்தது.

இழுத்தால் தலைவாசல் திறக்கும். அதே நொடியில் மாடியில் இரும்புப் பெட்டியும் திறக்கும். ஐந்து பேர் இல்லாமல் அந்தப் பெட்டி திறந்ததே இல்லை. நாற்பத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேரை எனக்கும் தெரியாது. ஒரே இணைப்பு என்று அடம்பிடித்தவன் நான். என் தகப்பனார், அவர் தகப்பனார், எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது.

கித்தேரி வந்தாள். "அண்ணே, தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. என்ன யோசிக்க?"

"முடி."

"மாதாவுக்கு முடி இல்லாட்டா தலை வலிக்காது. சும்மாவும் நிப்பா."

"நாலு தலைமுறை, கித்தேரி."

"நான் இழுக்கட்டா?"

"வேண்டாம்."

"அப்ப நீ இழு," என்று சொல்லிவிட்டு அவள் போய்க் கதவை ஒட்டி நின்றுகொண்டாள், திறந்தவுடன் முதல் ஆளைப் பிடித்து உள்ளே இழுப்பதற்கு. என் தங்கைக்கு எழுபத்தொரு வயது. அவள் நின்ற தோரணையைப் பார்த்த பிறகுதான் என் கை மேலே போனது.

காவக்காரனின் விளக்குகள் அணைந்தன. கீழே கதவு திறந்த சத்தமும் மேலே பெட்டி திறந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. தண்ணீரோடு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். ஜெனோவா எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுக் கடைசியாக வந்தாள். வெளியே கொஞ்ச நேரம் நின்று தெருவின் கிழக்குப் பக்கம் பார்த்துவிட்டு வந்தாள்.

மாடி அறை நிறைந்துவிட்டது. இரும்புப் பெட்டியின் கதவு அகலத் திறந்து கிடந்தது. முடி பட்டுத் துணிக்குள் பாதி தெரிந்தது. ஒருவர்கூட அதன் பக்கம் நெருங்கவில்லை. ஐஸ் பேக்டரி ஆள் ஒருவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான். நான் பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முத்துகளை எண்ணினேன். இருட்டும்வரை ஐந்து முறை எண்ணியிருப்பேன். ஐந்தாவது முறை எண்ணும்போது ஜெனோவா பார்த்துவிட்டாள். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"எத்தனை மாமா?"

"பத்தொம்பது."

"ஆளு நாப்பத்தொண்ணு. நானும் எண்ணிட்டேன்."

திரையில் நான் படித்த எண் நாற்பத்திரண்டு. ஒருவர் குறைந்தது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். தண்ணீரில் நின்றவளுக்குத் திரை எதற்கு?

மூன்றாம் நாள், உப்பளத்து ஓடையில் சிலுவைமுத்துவைக் கண்டெடுத்தார்கள். ஐஸ் வண்டி தள்ளுகிறவர். அறுபத்தாறு வயது. ஜெனோவாவின் வரிசையில் ஓர் ஓரத்தில் கை கோத்து நின்றவர் அவர்தான்.

எட்டு நாள் கழித்து அதே ஐந்து பேர் அதே மேசையில் கூடினோம். முடி நிறுக்கப்பட்டது. குண்டுமணி எடைகூடக் குறையவில்லை. பெலிக்ஸ் கோமஸின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. கமிட்டில கேக்குறாங்க. சாட்சி இல்லாம பெட்டி எப்பிடித் தெறந்துது?"

நான் எழுந்து நிற்க முயன்றேன். அதற்குள் ஜெனோவா பேசிவிட்டாள்.

"பேட்டரி நின்னுட்டு."

"முப்பது மணி நேரம்னு நீதானம்மா சொன்ன? பதினோரு மணிக்குக் கரண்டு போச்சு. மூணரைக்குள்ள எப்பிடி நிக்கும்?"

"சொன்னேன். கணக்கு தப்பிட்டு. உப்புக் காத்துல உள்ள கட்டி தட்டிருச்சு. மட்டமான சரக்கு, பெரியப்பா. பாத்து வாங்கியிருக்கணும்."

மட்டமான சரக்கு. ஒரு ரசீதில் எண் கோணலாக இருந்தாலே அதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறவள் அவள். அந்த வார்த்தைகளைத் தலை குனியாமல் சொன்னாள்.

"மாதாவாப் பாத்து நிறுத்தியிருக்கா," என்றார் பெலிக்ஸ். அவர் குரலில் நிம்மதி. "மெஷினு பழுதானதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? எழுதிருங்க டீச்சர்."

கித்தேரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் டீச்சர் எழுதினார். மின்கலம் பழுது என்று இருந்தால் அங்கே எவனும் கைப்பிடியின் முன்னால் நின்று யோசிக்கவில்லை என்றாகிறது. நான் யோசித்து நின்ற பதினொரு நிமிடம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றாகிறது. இது எனக்கு அந்த மேசையிலேயே விளங்கியது. விளங்கியும் கையெழுத்திட்டேன்.

நான்கு மாதம் அப்படியே போனது. அந்த நான்கு மாதத்தில் ஜெனோவாவின் கடை கரைந்தது. அவள் மாட்டிக்கொடுத்த மின்கலங்களைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் அவளுக்கு நாலு மணி நேரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "நாலு மணி நேரம் போகுது பாரு," என்று ஒருவன் சொல்ல, "பாத்துல, பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள நின்னுரப் போகுது," என்று இன்னொருவன் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். அவளும் கேட்டாள். சிரித்துக்கொண்டே போனாள்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் வெளியூரிலிருந்து இன்னும் பெரிய மின்கலங்களாக வாங்கினார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம், எழுபத்திரண்டு மணி நேரம். எல்லாமே சீல் வைத்தவை. மச்சாது வீட்டு மின்கலம்போல் நின்றுபோகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். அடுத்த புயலில் சிப்பித்துறையின் கதவுகள் மூன்று நாள் திறக்காது. ஒரு சாண் நீளச் சிவப்புக் கைப்பிடி நாற்பத்தொரு பேரை உள்ளே விட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

திருநாளன்று முடி தரித்த மாதாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சிலுவைமுத்துவின் மகள் வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"உங்க வீடு ஒண்ணுதான்யா தெறந்துது. எங்க பெரியம்மா, பிள்ளைய எல்லாம் உங்க வீட்டுலதான் கெடந்தாங்க." பிறகு, குறையாக அல்ல, விதியை நினைத்துச் சொன்னாள். "உங்க பேட்டரி ஒரு பத்து நிமிசம் முன்னால நின்னுருந்தா எங்கப்பாவும் இருந்திருப்பாரு."

அங்கிருந்து நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஜெனோவா ஏணியில் நின்று பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இறங்கி முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். நான் உட்காரவில்லை.

"நம்ம வீட்டு பேட்டரி எங்க?"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து, பழைய துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள். இணைப்பு அறுந்த நேரத்தில் நின்ற எண்ணை அந்தக் கண்ணாடி மறப்பதில்லை. பொத்தானை அழுத்தினேன். எண் வந்தது.

"கமிட்டிக்காரன் கேட்டா காட்டுவியா?"

"காட்ட மாட்டேன். அதுக்குத்தான் கழட்டிட்டு வந்தேன்."

"ஏம்மா பொய் சொன்ன?"

"உங்க பேரு வீட்டுப் பேரு மாமா. நாலு தலைமுறை. என் பேரு கடைப் பேரு. கடையை இன்னொரு ஊருல வச்சுக்கிடலாம்."

"பதினொரு நிமிசம் நின்னேன். தெரியுமா உனக்கு?"

"தண்ணில நின்னவளுக்குத் தெரியாதா?"

"கேமரா முன்னால வந்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா? மாமான்னு ஒரு வார்த்த. அப்பவே இழுத்திருப்பேன்."

அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "கைப்பிடி உங்களுதுன்னு நான்தான சொன்னேன். நான் கூப்பிட்டு நீங்க இழுத்தா அது என்னுதாயிரும். பெறகு முடிக்கு ஒண்ணு ஆனா, மருமக சொல்லித்தான் தெறந்தேன்னு நீங்க சொல்ல வேண்டி வரும். நீங்க அப்பிடிச் சொல்லுற ஆளு இல்ல. அதுக்காகச் செத்தே போவீங்க." துணியைக் கீழே வைத்தாள். "ஆனா மாமா, நான் கூப்பிட்டுருக்கணும். தெனமும் நெனைக்கேன். சிலுவைமுத்துத் தாத்தா கை என் கையிலயிருந்து நாலாவது கை."

என் எழுபத்தெட்டு வயதில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றும் எனக்கு அது வாயில் வரவில்லை. ஏணியை நிறுத்தி, பலகையைத் தூக்கிக் கொடுத்து, "திரும்ப மாட்டு," என்றேன். கோணலாக மாட்டினாள். நேராக்கச் சொன்னேன். நேராக்கினாள்.

மறுநாள் சிலுவைமுத்துவின் மகள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கைத்தாழ்ப்பாள் போட்ட பழைய மரக்கதவு அது. சாத்துவதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

குருசடிக் கமிட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாட்சியின்றிப் பெட்டியைத் திறந்தவன் நான். விதிப்படி முடியை வைத்திருக்கும் உரிமை இனி மச்சாது வீட்டுக்கு இல்லை. எங்கே வைப்பது என்று கமிட்டி தீர்மானிக்கட்டும். எங்கே வைத்தாலும் அந்த வீட்டு மின்கலத்தில் சிவப்புக் கைப்பிடி இருக்கட்டும். கதவுக்கும் பெட்டிக்கும் இரண்டு இணைப்பு இருக்கட்டும். அதை மாட்டுவதற்குச் சிப்பித்துறையில் ஒரே ஓர் ஆள்தான் தகுதி. அவள் என் மருமகள். அவள் கணக்கு தப்பியதே இல்லை.

மச்சாது வீட்டு மின்கலம் மட்டமான சரக்கு, நாலே மணி நேரத்தில் நின்றுபோனதால்தான் கதவு திறந்தது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. மின்கலம் நிற்கவில்லை. கைப்பிடியை நான் இழுத்தபோது அதில் இருபத்தைந்து மணி நாற்பது நிமிடம் மீதமிருந்தது. இழுத்திருக்க வேண்டிய நேரத்தில் இருபத்தைந்து மணி ஐம்பத்தொரு நிமிடம்.